அசையாத இடம்

காற்று மெத்தையின் பிளக் சுவருக்குள் போக மறுத்தது.

முதலில் பிளக்கைத் திட்டினாள். பிறகு மெத்தையை விற்ற கடைக்காரரை. அப்புறம்தான் குனிந்து பார்த்தாள். மூன்று துளைகள் இருக்க வேண்டிய பலகையில் இரண்டுதான் இருந்தன. மேலேயிருந்த பெரிய துளையைக் காணோம். அந்த இடத்தில் காய்ந்த மண், தேர்ந்த கொத்தனார் கரணையால் இழுத்துவிட்டதுபோல, பலகையோடு பலகையாக வழவழவென்று பூசியிருந்தது. மெத்தையைக் கழுவிக் காயப்போட நேற்றுக் காலைதான் பிளக்கைக் கழற்றினாள். ஒரே ஒரு பகல். அதற்குள்.

மெயினை அணைத்துவிட்டுக் கொண்டை ஊசியால் நெம்பினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணோடு சிலந்திகளும் உதிர்ந்தன. அரிசி அளவில், வெளிறிய பச்சையில், ஏழெட்டு. செத்தவை என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தாள். முறத்தில் ஏறும்போது அவற்றில் ஒன்று ஒரே ஒரு காலை மட்டும் மெல்ல மடக்கி, மெல்ல நீட்டியது. மற்ற கால்கள் கிடந்தபடியே கிடந்தன.

"குளவிப்பா," என்றாள், கட்டில் பக்கம் திரும்பாமலே. "இந்த வீட்டுக்குத்தான் எல்லாரும் குடிவர்றாங்க. கேட்க ஆள் இல்லன்னு."

கட்டிலிலிருந்து அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

"மூணு கிடையாதுப்பா. எத்தனை தரம் சொல்றது? ஒண்ணுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. அவ்வளவுதான்."

எட்டு மாதத்துக்கு முன்பு அப்பாவின் மூளைக்குள் ஏதோ ஒரு நரம்பு வெடித்தது. அன்றிலிருந்து கண் இமைகளும் வலது ஆட்காட்டி விரலும் தவிர அவர் உடம்பில் எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. காது கேட்கும். எல்லாம் புரியும். அதுதான் கொடுமை. சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகப் போனது. தாடை தொங்கி, வாய் எந்நேரமும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தே கிடந்தது.

அந்த வாய் ஒரு காலத்தில் ஊரையே கூட்டிய வாய். பழைய சாமான்களை ஏலம் விடும் கூடத்தில் முப்பது வருடம் கத்தியவர் அவர். பட்டப்பெயரே 'வெண்கலம்'. மைக் வாங்கித் தருகிறோம் என்று முதலாளி சொன்னபோது, மைக்குக்கு வலிக்கும் என்று மறுத்தவர். சின்ன வயதில் மேடையோரம் உட்கார்ந்து அவள் பார்த்திருக்கிறாள். ஒரு தரம் என்பார். ரெண்டு தரம் என்பார். அங்கே ஒரு மூச்சு நிறுத்துவார். சனம் முழுக்க அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "மூணாவது தரம் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு பாப்பா," என்று அவளிடம் சொல்வார். "அதுக்கப்புறம் அந்தப் பொருள் நம்மளது இல்ல. எடுத்தவங்களது."

அவளோ கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடம் கண் பரிசோதித்தவள். இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா? இதுவா, அதுவா? அந்த வேலையில் மூன்றாவது பதில் என்பதே கிடையாது. 'ரெண்டும் ஒரு மாதிரியா இருக்கும்மா' என்று இழுக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லா லென்ஸையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா விழுந்த இரண்டாவது வாரம், அதே கணக்கில் பன்னிரண்டு கேள்விகள் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினாள். வலிக்குதா, தாகமா, குளிருதா, திருப்பிப் படுக்க வைக்கணுமா... அப்படியே போகும் பட்டியல். வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவாள். அவர் எதற்காவது ஒரு முறை சிமிட்டினால் வேலை முடிந்தது.

சில நாட்களாகத்தான் இந்த மூன்று. பன்னிரண்டுக்கும் இல்லை என்பார். பிறகு மூன்று முறை சிமிட்டுவார். அவள் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குவாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். வேறு ஊரில் இருக்கிறான். தினமும் ஆறரைக்குப் பத்து நிமிடம் அக்கறைப்படுவான்.

"குளவியா? வீட்டு ஓனர்கிட்ட சொல்லேன்க்கா."

"மூணு தரம் சொல்லியாச்சு. பார்க்கலாம்மாங்கிறார். செவிடன் காதுல ஊதின சங்கு."

"நீ டென்ஷன் ஆகாத. பொறுமையா இரு. உன்னை மாதிரி யாரால பார்த்துக்க முடியும் சொல்லு."

ஒரு வாரம் வந்து நீ பார்த்துக்கொள்ளேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் போனை வைத்தாள். விழுங்கி விழுங்கியே வயிறு நிறைந்துபோன எட்டு மாதம் அது.

செவ்வாய் மதியம் சமையலறையில் கஞ்சியை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தாள். கட்டி இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு முறை அடித்து மூன்று முறை வடிகட்ட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. டெட்டால் வாசனையும் வெந்த அரிசி வாசனையும் கலந்து வீடு முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாபோல வீசியது. மிக்ஸியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

மிக்ஸி இரைச்சலுக்கு அடியில் இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் அது. மெல்லிய, ஒரே சீரான, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவதுபோன்ற முனகல். ம்ம்ம்ம். அப்பாவின் அறையிலிருந்து.

அவள் கையிலிருந்த வடிகட்டி தொட்டியில் விழுந்தது. பேச்சுப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். பேச்சு திரும்பினால் சொல்லாக வராது, எழுத்தாகக்கூட வராது. முதலில் ஒரு முனகல்தான் வரும். அதற்காகத்தான் தினமும் காலையிலும் மாலையிலும் அப்பாவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அவரையும் செய்யச் சொல்லி, அவளே பைத்தியக்காரிபோல முனகிக்கொண்டிருந்தாள். எட்டு மாதம்.

ஓடினாள். வாசற்படியைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. அப்பாவின் கண்கள் நனைந்திருந்தன.

"அப்பா! நீங்கதானே? நீங்கதானேப்பா?"

ஒன்று. இரண்டு. மூன்று.

"சந்தோஷத்துல கணக்கு தப்பிடுச்சா?" அவர் நெற்றியில் நெற்றியை வைத்து அழுதாள். அவருடைய வலது விரல் போர்வையின்மேல் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. மேடையில் சுத்தியலால் தட்டுவாரே, அந்த மாதிரி என்று நினைத்தாள்.

அன்று இன்னும் இரண்டு முறை கேட்டது. உள்ளே போனால் நின்றுவிடுகிறது என்பதால் வாசல் ஓரமாக நின்று போனில் பதிவு செய்தாள். தம்பிக்கு அனுப்பினாள். அவன் அலுவலகத்திலேயே அழுதுவிட்டதாகச் சொன்னான். பயிற்சியாளருக்கும் அனுப்பினாள்.

புதன்கிழமை காலை அவர் கூப்பிட்டார். சின்னப் பெண், கறாரான குரல். "மேடம், கேட்டேன். சுருதி நல்லா இருக்கு. ஆனா நாற்பத்தெட்டு செகண்ட் மூச்சே எடுக்கல. நல்லா இருக்கிறவங்களுக்கே கஷ்டம்."

"அவரு வெண்கலம்ங்க. ஏலக்கூடத்துல கத்தின நுரையீரல்."

பயிற்சியாளர் சிரித்தார். "சரி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நானே வர்றேன். நேர்ல ஒரே ஒரு சத்தம் கேட்டா போதும். எங்க மையத்துல ஒரு படுக்கை காலியாகுது. அன்னிக்கே எழுதிக் கொடுத்துடறேன். ஆனா நான் காதால கேட்கணும். பதிவை வெச்சு இடம் தர மாட்டாங்க."

மையம் என்றால் இரவும் பகலும் ஆட்கள், கருவிகள், தினம் ஆறு மணி நேரப் பயிற்சி. அப்பாவுக்கு அவர் குரல். அவளுக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு முழுத் தூக்கம். பின்னதை நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

அன்றைக்குத்தான் மற்றவையும் கண்ணில் படத் தொடங்கின. துணி அலமாரியின் சாவித் துளை அடைபட்டிருந்தது. பல நாள் எடுக்காத கெண்டியின் மூக்கு அடைபட்டிருந்தது. மடக்கி வைத்த சக்கர நாற்காலியின் கைப்பிடிக் குழாய், டி.வி.யின் பின்பக்கம், அப்பாவின் பழைய ஷூவில் கயிறு கோக்கும் கண்கள் வரிசையாக ஆறு. எல்லாவற்றிலும் அதே வழவழப்பு. கூடத்து மணிபிளாண்ட் தொட்டியில், அவள் தினமும் நீர் ஊற்றும் ஈரமண்ணில், சின்னச் சின்ன வட்டக் குழிகள். யாரோ கரண்டி நுனியால் அள்ளியதுபோல. உடைக்க உடைக்க, மறுநாள் வேறிடத்தில் முளைத்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன உடம்பை வைத்துக்கொண்டு அவள் எத்தனை துளையைத்தான் நோண்டுவாள்?

அப்பாவைத் துடைக்கும்போது பிடரியில் ஒரு சிவந்த தடிப்பைப் பார்த்தாள். நடுவில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. கொசு என்று நினைத்தாள். "வலிக்குதாப்பா?" இரண்டு. "அரிக்குதா?" இரண்டு. பிறகு மூன்று. துணியைத் தண்ணீரில் ஓங்கி அடித்துவிட்டு வெளியே போனாள்.

பூச்சி மருந்துக்காரர் வியாழன் காலை வந்தார். மூன்று நாள் கெஞ்சியதற்கு வந்த பலன். நரைத்த மீசை, முதுகில் மருந்து டப்பா. சிலந்திகளைப் பார்த்ததும் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது செத்தது இல்லம்மா. உசிரோடதான் இருக்கு. குளவி கொட்டுறது கொல்றதுக்கு இல்ல, அசையாம பண்றதுக்கு. செத்தா அழுகிடும்ல? குஞ்சு பொரிச்சு வந்து பசியாறணுமே. அதுவரைக்கும் இது கிடக்கும். எல்லாம் தெரியும், அசைய முடியாது. பார்த்துக்கிட்டே இருக்கும்."

அவர் இதைச் சொன்னபோது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. "கொஞ்சம் வெளியில வந்து பேசுங்களேன்."

அவருக்குப் புரியவில்லை. கட்டிலின் தலைமாட்டு இரும்புக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் மூடி எப்போதோ தொலைந்துபோன குழாய். அதன் வாயில் பாதி மண். "இங்க பாருங்க, வேலை நடக்குது. சத்தம் கேட்டிருப்பீங்களே? மண்ணை அமுக்கும்போது உடம்பையே அதிர வெச்சுத்தான் பூசும். ம்ம்ம்னு கேட்கும். இரும்புக் குழாய்க்குள்ளன்னா, ஆளு முனகுற மாதிரியே இருக்கும்."

அவள் போனை எடுத்து அந்தப் பதிவை ஓட்டினாள்.

"இதேதான்," என்றார் அவர், சந்தோஷமாக.

பதிவை நிறுத்திவிட்டு, "எத்தனை இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. இதுல ராணி, படை, கூட்டமெல்லாம் கிடையாது. தனிக்குடித்தனம். அதுக்கு ரெண்டே கண்டிஷன்தான். துளையா இருக்கணும், அசையாம இருக்கணும். மாசக்கணக்கா அசையாத இடமா பார்த்து வரும்." டப்பாவைத் தோளில் மாட்டினார். "நோயாளி இருக்கிற அறையில மருந்து அடிக்க மாட்டேன். ஒண்ணு செய்யுங்க. நாலு மூங்கில் குச்சியை வெட்டி வெளியில கட்டி வைங்க. தானா அங்க போயிடும். இருக்கிற துளையையெல்லாம் மட்டும் அடைச்சுடாதீங்க. வயித்துல முட்டையோட இருக்கிறவ. ஒரு இடமும் இல்லைன்னா சும்மா இருக்க மாட்டா. எதையாவது தேடிப் பிடிச்சுடுவா."

மருந்தும் அடிக்காமல், மூங்கிலுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போக ஒரு ஆள். கதவைச் சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது.

"அந்தச் சத்தம் நீங்க இல்லையா?"

இரண்டு. இல்லை.

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! ஊரெல்லாம் சொல்லிட்டேன். நாளைக்கு அந்தப் பொண்ணு வரும். என்னத்தைக் காட்டுவேன்? ரெண்டு தரம் சிமிட்ட முடியாதா உங்களால?"

ஒன்று. இரண்டு. மூன்று. பட்டியல் ஒட்டிய சுவரைக் கையால் அறைந்தாள். "மூணு கிடையாதுன்னு சொல்றேன்ல! வலிக்குதா? தாகமா? குளிருதா?" பன்னிரண்டையும் கத்தினாள். பன்னிரண்டுக்கும் இரண்டு இரண்டாகச் சிமிட்டினார். பன்னிரண்டாவது முடிந்ததும் அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. பதின்மூன்றாவது ஒன்று கேட்பாள் என்று காத்திருப்பதுபோல. அவளிடம் பதின்மூன்றாவது கேள்வி இல்லை.

கத்தியதற்குப் பிறகு வெட்கம் வந்தது. வெட்கத்தை மறைக்க வேலை வந்தது. மருந்துக்காரர் சொன்னது காதில் இருந்தது. இருந்தால் இருக்கட்டும். இந்த வீட்டில் எல்லோருக்கும் யோசனை சொல்ல மட்டும் தெரியும். சுவருக்குப் பூசும் புட்டி ஒரு டப்பா, மெழுகுவர்த்தி, பஞ்சு, டேப் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். சாவித் துளைகள். பிளக் துளைகள். ஜன்னல் சட்டத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். வாஷ்பேசினில் தண்ணீர் வழிந்தோடும் துளை. கட்டில் குழாய்களில் புட்டியைக் கட்டைவிரலால் திணித்து, வழித்து, விளிம்போடு சமப்படுத்தினாள். வழவழவென்று வந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் அவளுக்கே என்னவோபோல் இருந்தது. ஜன்னல்களை இழுத்துச் சாத்தி இடுக்குகளில் டேப் ஒட்டினாள். ஒரு மணிக்கு வீட்டில் துளை என்று ஒன்று மிச்சமில்லை.

அப்பாவுக்குக் கஞ்சி ஏற்றினாள். மல்லாத்திப் படுக்க வைத்தாள். கால் மணி நேரம் கண் மூடலாம் என்று கூடத்துத் தரையில் சாய்ந்தாள்.

கனவில் அப்பா ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். வெயில். பெரிய கூடம். ஒரே ஒரு ஆள்தான் வாங்க வந்திருந்தாள். ஒல்லியான இடுப்பு. அவள் விலை கேட்கவே இல்லை.

விழித்தபோது ஐந்தரை. இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்கவில்லை. நாலு மணிக்கும் இல்லை. நாலரை மணி நேரம் அந்த மனிதர் ஒரு இம்மிகூட அசைக்கப்படாமல் மல்லாந்து கிடந்திருக்கிறார். பதறி எழுந்தவளின் கால் மணிபிளாண்ட் தொட்டியில் இடித்தது.

தொட்டியில் மண் பாதிதான் இருந்தது. ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். வேர்கள் வெளியே தெரிந்தன. பெருச்சாளியா? சாத்திய வீட்டுக்குள் பெருச்சாளி எங்கிருந்து வரும்? ஒரு குளவிக்கு இவ்வளவு மண் எதற்கு?

வீடு அமைதியாக இருந்தது. மூன்று நாளில் முதல்முறையாக எந்தச் சத்தமும் இல்லை. புழுக்கத்தில் ஈரமண் வாசனை மட்டும் கனமாகத் தேங்கி நின்றது.

அப்பாவின் அறைக்குள் போனாள். நின்றாள்.

அப்பாவின் வாய் மூடியிருந்தது.

எட்டு மாதமாகத் தொங்கிய தாடை. யாராலும் மூட முடியாத வாய். உதடும் உதடும் சேர்ந்து, அழகாக, பழைய புகைப்படத்தில் இருப்பதுபோல மூடியிருந்தது. உதடு சேராமல் முனகல் வராது, அதற்கு முதலில் தாடை எழும்ப வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னது நினைவு வந்தது. ஓடிப்போய் அவர் கன்னத்தைப் பிடித்தாள். "மூடிட்டீங்களாப்பா! நீங்களே மூடினீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். சிமிட்டவில்லை. கண்ணோரத்திலிருந்து காது வரை நீர் காய்ந்த கோடு மட்டும் இருந்தது. நான் கத்தியதற்கு அழுதிருக்கிறார் என்று நினைத்து, அவளும் அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அவரைத் திருப்பிப் படுக்க வைத்தபோது தலையணை உறையில் நொறுங்கிய மண் கொஞ்சம் கிடந்தது. தன் கையிலிருந்த புட்டி என்று தட்டிவிட்டாள். வலது விரல் போர்வைமேல் தட்டாமல் கிடந்ததை அப்போது கவனிக்கவில்லை.

வெள்ளி காலையில் கவனித்தாள்.

வாய் துடைக்க ஈரத்துணியோடு போனபோது பற்கள் கிட்டித்திருந்தன. விரலை நுழைத்துப் பார்த்தாள். கெஞ்சினாள். கன்னம் கல்போல இருந்தது. "இன்னும் கோவமா? சரி, கடிச்சுக்கிட்டே இருங்க. எனக்கென்ன?" துணியை வாளியில் எறிந்தாள். அப்போதுதான் விரல் ஞாபகம் வந்தது. தொட்டாள். மடக்கினாள். மடக்கியபடியே இருந்தது. பிடரியில் ஒரு தடிப்பு இருந்த இடத்தில் இப்போது நான்கு.

தம்பிக்குப் போன் செய்தாள். "விரல் அசையலடா. பயமா இருக்கு. நீ வாயேன்."

"நாலு மணிக்கு அவங்க வர்றாங்கல்ல? அவங்க பார்க்கட்டும். நீ எதையும் பெருசு பண்ணாதக்கா. கொட்டக் கொட்டத்தான் புழுவும் குளவியாகும்னு சொல்வாங்க. விடாம பயிற்சி கொடு. பேசிடுவாரு."

அவள் போனை வைத்துவிட்டாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் வந்தார். கையில் மையத்தின் படிவம். உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "ஜன்னலைத் திறக்கக் கூடாதா? மண் வாடையா இருக்கே."

"ஒண்ணு சொல்லணும்ங்க. அந்தப் பதிவு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை.

ம்ம்ம்ம்ம்.

கட்டில் குழாயிலிருந்து இல்லை. அதை அவளே அடைத்திருந்தாள். சுவரிலிருந்து இல்லை. அவள் உள்ளே நின்றபோதே வந்தது. நிற்கவில்லை. ஆழமாக, சீராக, வெண்கலமாக.

பயிற்சியாளர் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் அப்பாவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். "அதிருது! மேடம், நல்லாவே அதிருது! தொட்டுப் பாருங்க!"

அவள் தொட்டாள். அதிர்ந்தது. தோலுக்கு அடியில். கொஞ்சம் இடதுபுறம். பிறகு கொஞ்சம் மேலே. நகர்ந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"தம்பியைக் கூப்பிடுங்க, கேட்கட்டும்," என்றார் பயிற்சியாளர். அவரே அவள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் தம்பி விம்முவது கேட்டது.

அவள் அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். மூச்சு ஏறி இறங்கியது. மூச்சு உள்ளே போனபோதும் சத்தம் வந்தது. வெளியே வந்தபோதும் வந்தது.

"அப்பா." குனிந்தாள். "இது நீங்கதானே?"

அப்பாவின் கண்கள் அவளிடம் வந்தன.

ஒன்று.

"ஆமான்னுட்டார்!" பயிற்சியாளர் படிவத்தை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார்.

இரண்டு.

அங்கே ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த நிறுத்தம் அவளுக்குத் தெரியும். மேடையோரம் உட்கார்ந்து எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம்ப்பா. வேண்டாம்.

மூன்று.

இந்த முறை அவள் மூணு கிடையாது என்று சொல்லவில்லை. முதல் கேள்விக்குத் திரும்பவில்லை. திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறார். அதுக்கப்புறம் அந்தப் பொருள் நம்மளது இல்ல, பாப்பா.

"வாயை மட்டும் ஒருதரம் பார்த்துடலாம்," என்றார் பயிற்சியாளர், தட்டையான மரக்குச்சியைப் பிரித்துக்கொண்டே. "நாக்கு எங்க இருக்குன்னு பார்க்கணும்."

"வேண்டாம்."

குச்சி உதடுகளுக்கு நடுவே போனது. பற்களுக்கு நடுவே. மெல்ல நெம்பினார்.

பற்கள் பிரிந்தன.

பற்களுக்குப் பின்னால் வாய் இல்லை. நாக்கு இல்லை. ஒரு சுவர் இருந்தது. பழுப்பாக, ஈரமாக, அண்ணத்திலிருந்து அடித்தாடை வரை, கன்னத்திலிருந்து கன்னம் வரை, விளிம்போடு விளிம்பாக. வழவழவென்று. அதற்குப் பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பயிற்சியாளரின் கையிலிருந்து பேனா உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

சுவரின் நடுவில், அரிசி அளவுக்கு, மண் உள்ளிருந்து உதிரத் தொடங்கியது.

"அக்கா," தம்பி போனில் அழுதுகொண்டே கேட்டான். "இன்னொரு தரம் பேசச் சொல்லுக்கா."

அப்பாவின் கண்கள் அதற்குப் பிறகு சிமிட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தன.